பெருங்களத்தூர் வரை ஒரு வாத்து நடை

அந்தோணிசாமி நடக்கத் தொடங்கினால் தாம்பரத்துக் கடப்பேரி நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு யோசிக்கும், வருவது மனிதனா வாத்தா என்று. முழங்கால் மடங்காது. இடுப்பு மட்டும் கழன்று விழப்போவது போல இடமும் வலமும் ஆடும். முழங்கைகள் ரயில் எஞ்சினின் தண்டு மாதிரி முன்னும் பின்னும் இடிக்கும். அந்த வேகத்தைப் பார்த்து வெட்கப்பட்டுப் பல்லவன் பஸ் டிரைவர்கள் கியர் மாற்றுவார்கள்.

வியாதி ஒன்றுமில்லை. நடைப் போட்டிக்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலையே அந்த நடைக்குக் கிடைத்ததுதான். போட்டிக்கு விதி ஒன்று உண்டு: எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டும் எழும்பினால் அது ஓட்டம். நடுவர் சிவப்பு அட்டை எழுதிவிடுவார். மூன்று அட்டை விழுந்தால் ஆள் வெளியே. அந்தோணிசாமி எல்லாப் பெரிய போட்டியிலும் முதல் ஆளாகப் போவார், கடைசிச் சுற்றில் மூன்றாவது அட்டை வாங்குவார். அவர் வாங்கிய அட்டைகளைச் சேர்த்துத் தைத்தால் தாம்பரம் ஸ்டேஷனுக்கே பந்தல் போடலாம்.

இப்போது வயது ஐம்பது. பதக்கம் ஒன்றுகூட இல்லை. இருந்தது ஒரு மகள், அருள்மேரி. போன வருஷம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் அப்பாவின் நடையைப் பார்த்துவிட்டு, "குடும்பத்துல நரம்புத் தளர்ச்சி ஏதாச்சும் கீதா?" என்று விசாரித்து, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

இந்த முறை காட்டாங்குளத்தூரிலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். பையனை அருள்மேரிக்கும் பிடித்திருந்தது. மனைவி ஜெயசீலி, மசாலா அரைத்த கையோடு கணவன் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாய்யா, ஞாயித்துக்கிழம அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் மன்ஷன் மாதிரி நடப்பியா? வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணு."

"மன்ஷன்தான்டி நடக்கிறான்."

"வாத்து நடக்குது. சத்தியம் பண்ணு!"

பண்ணினார். அங்கேதான் சிக்கல். ஏனென்றால் அவர் ஏற்கெனவே அரசாங்கத்துக்கு வேறொரு சத்தியம் பண்ணியிருந்தார்.

அது கார்கில் சண்டை நடந்த ஜூன் மாதம். பீச் ரயிலில் தினமும் முதல் வகுப்பில் வரும் தோத்தாத்ரி என்பவர், ஏதோ ஒரு மத்திய இலாகாவில் பெரிய அதிகாரி. இலாகாவின் பெயரைக் கேட்டால் வெளியே பார்த்து மழை வருமா என்பார். ஒருநாள் பாஸைக் காட்டும் சாக்கில் அந்தோணிசாமியின் காதுக்குள் சொன்னார்.

"ஏர்போர்ஸ் கிரவுண்டுல இறங்கற பிளேனையெல்லாம் ஒருத்தன் போட்டோ எடுக்கறான், சார். கையில எப்பவும் ஒரு கறுப்புக் குடை. ஃபிலிமை யார்கிட்ட குடுக்கறான்னு தெரியணும். பைக்ல போனா டிராபிக்ல மாட்டிக்கறோம். ஓடினா திரும்பிப் பார்த்துடறான்."

"நான் இன்னா சார் பண்ணணும்?"

"நடங்கோ. நீங்க பின்னாடி வந்தா உலகத்துல எவனும் சந்தேகப்பட மாட்டான். பரிதாபம்தான் படுவான்."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் அந்தோணிசாமி. அன்று முதல் அவர் ரகசிய ஏஜென்ட். உலக உளவுத்துறைகள் அனைத்தும் அன்று நடுங்கியிருக்க வேண்டும். செய்தி அவர்களுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

குடைக்காரன் கிளம்பினால், தோத்தாத்ரியின் ஆள் ஒருவன் தெருவில் "பழைய பேப்பர்" என்று மூன்று தடவை கூவுவான். அதுதான் ஏற்பாடு. முதல் வாரமே நிஜமான பேப்பர்காரன் வந்து கூவ, அந்தோணிசாமி பாய்ந்து போய், "ஆள் எங்க?" என்று ரகசியமாகக் கேட்டார். அவன், "ஆளு நான்தான், தராசு வண்டியில கீது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் புறப்பட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. அந்தோணிசாமி சலவை வேட்டி, சட்டையோடு பிள்ளையைப் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தார். ஜெயசீலி அவரை மல்லிப்பூ வாங்க அனுப்பினாள். மனிதன் மாதிரியே நடந்து போனார், வாங்கினார், திரும்பினார்.

"பழைய பேப்பர்! பழைய பேப்பர்! பழைய பேப்பர்!"

கூவியவன் கையில் தராசும் இல்லை, கோணியும் இல்லை. போதாக்குறைக்குக் கண்ணடித்தான்.

ஒரு பக்கம் மகள். ஒரு பக்கம் கார்கில். நடுவில் வேளாங்கண்ணி மாதா. "தாயே, நீயும் இந்த தேசத்துலதானே கோயில் கட்டிகினு கீற" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பூப்பொட்டலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மார்க்கெட் பக்கம் கறுப்புக் குடை தெரிந்தது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய், செங்கல்பட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டான். வேறொருவராக இருந்தால் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஆனால் அது ஜிஎஸ்டி ரோடு. முகூர்த்த நாள் வேறு. இரும்புலியூருக்கு முன்பே வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பஸ் ஊர்ந்தது. அந்தோணிசாமி அதன் பக்கவாட்டில், சக்கரத்துக்குச் சக்கரம் சமமாக, இடுப்பை வீசி நடந்தார். பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரம் இருந்த குடைக்காரன் தலையை நீட்டினான்.

"இன்னா பெர்சு, இடுப்பு புடிச்சிகிச்சா? ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது!"

"டாக்டரே நடக்கத்தான் சொன்னாரு தம்பி!"

எதிர்ச்சாரியில், தாம்பரம் நோக்கி வந்த ஒரு வெள்ளை வேன் நெரிசலில் மாட்டி நின்றது. உள்ளே தட்டு, பழம், பட்டுப்புடவைகள். முன்சீட்டில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். போட்டோவில் பார்த்த முகம், மாப்பிள்ளையின் அப்பா யேசுதாசன். நின்றால் குடை போய்விடும். ஓடினால் பஸ்ஸிலிருப்பவன் உஷாராகிவிடுவான். அதே நடையில், அதே இடுப்பில், வருங்காலச் சம்பந்தியின் மூக்குக்கு முன்னால் அவர் கடந்து போனார். வேனுக்குள் யாரோ பெண் குரல், "ஐயோ பாவம்" என்றது.

பெருங்களத்தூரில் குடைக்காரன் இறங்கி, கரும்பு ஜூஸ் வண்டியில் குடையைச் சாய்த்து வைத்தான். பக்கத்தில் ஜிப்பா போட்ட ஒருவன், அச்சு அசலாக அதே மாதிரிக் குடையோடு நின்றான். ஜூஸ் முடிந்ததும் அவன் குடையை இவன் எடுத்தான். இவன் குடையை அவன் எடுத்தான். குடைக்குள் இருந்த ஃபிலிம் கைமாறிவிட்டது. தோத்தாத்ரியின் அம்பாசிடரோ எங்கோ பின்னால் ஹாரன் அடித்துக் கதறிக்கொண்டிருந்தது.

ஜிப்பாக்காரன் ரயில் சத்தம் கேட்டு ஸ்டேஷனுக்குள் ஓடினான். அந்தோணிசாமி ஓடவில்லை. முப்பது வருஷப் பழக்கம். கால்களுக்கு ஓட்டம் மறந்தே போயிருந்தது. ஆனால் அன்று அவர் நடந்த நடையில் பிளாட்பாரத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. ரயில் வாசலில் கால் வைக்கப் போனவனின் முன்னால் போய் நின்றார். அடுத்து என்ன செய்வது? துப்பாக்கி இல்லை. வாயில் தானாக வந்தது உத்தியோகம்.

"டிக்கெட் காட்டு."

"நீ யாரு கேக்க?"

மல்லிப்பூ வாசனையோடு சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டை வெளியே வந்தது. ஜிப்பாக்காரன் விழித்தான். தேசத்தின் ரகசியத்தைக் கையில் வைத்திருந்தவன் டிக்கெட் எடுக்க மறந்திருந்தான்.

"அப்ப குடைய இங்க குடு. நீ அந்த பெஞ்சுல குந்து."

தோத்தாத்ரி நாக்குத் தள்ள ஓடிவந்தபோது, ஜிப்பாக்காரன் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கரும்புச் சக்கையில் வழுக்கி விழுந்த குடைக்காரனையும் இலாகா ஆட்கள் அள்ளிவிட்டிருந்தார்கள்.

"சார், இந்தத் தேசம் உங்களுக்கு…"

"தேசம் அப்பாலிக்கா சார். மாப்ள வூட்டுக்காரங்க வந்திருப்பாங்க!"

அடுத்த ரயிலில் தாம்பரம். வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலியின் பார்வையில் மாவரைக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "இவருதானா ரோட்டுல…" என்று ஆரம்பித்தாள். அருள்மேரியின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்தோணிசாமி பூப்பொட்டலத்தை நீட்டியபடி நின்றார்.

யேசுதாசன் எழுந்தார்.

"திருச்சி ரயில்வே மீட். ஞாபகம் இருக்கா? அப்ப நான் பி.டி. மாஸ்டர். நடைப் போட்டிக்கு நடுவரா வந்திருந்தேன். மூணாவது சிவப்பு அட்டை எழுதுனது நான்தான்."

அந்தோணிசாமிக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கையெழுத்தைக்கூட மறக்கவில்லை.

"இன்னிக்கு உங்க இடுப்ப எல்லாரும் பாத்தாங்க. நான் கால மட்டுந்தான் பாத்தேன். கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கழுத்தத் திருப்பிப் பாத்தேன், சுளுக்கிகிச்சு. ஒரு தடவகூட, ஒரே ஒரு தடவகூட, ரெண்டு காலும் ஒண்ணா எழும்பல. சுத்தமான நடை சம்பந்தி! ஒரு அட்டகூடக் குடுக்க முடியாது."

சம்பந்தி என்ற சொல் விழுந்ததும் ஜெயசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போட ஓடினாள். அருள்மேரி சிரித்துவிட்டாள். அந்தோணிசாமியின் கழுத்தில் யாரோ தங்கப் பதக்கம் மாட்டியது போல நெஞ்சு கனத்தது.

"அதிருக்கட்டும்," என்றார் யேசுதாசன், "எதுக்கு அவ்ளோ வேகம்?"

ரகசியம் காக்கப்பட வேண்டும்.

"பூ வாங்கறதுக்கு."

"பெருங்களத்தூருக்கா?"

"அங்க பிரெஷ்ஷா இருக்கும்."

கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் பெயர் எழுதாத ஒன்று இருந்தது. பிரித்தால் கறுப்புக் குடை. "கல்யாணத்துக்குக் குடை குடுத்த மகராசன் யாருய்யா?" என்று ஜெயசீலி வந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். பந்தியில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்த தோத்தாத்ரி, வெளியே பார்த்து மழை வருமா என்றார்.