தக்காளிச் சனிக்கிழமை

டொத்தோர் ஃபுல்வியோ ப்ரெஸ்ஸானுக்கு எதையும் விற்கத் தெரியும். டொத்தோர் என்பது பட்டம் படித்தவர்களை இத்தாலியில் மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். ஃபின்லாந்தில் காபி இயந்திரம் விற்றார், குவைத்தில் சலவைக்கல் விற்றார், ஒசாகாவில் ஒரு ஜோடி செருப்பு வாங்க ஒரு மாதம் யோசிக்கிற ஆட்களிடம் கப்பல் கப்பலாகச் செருப்பு விற்றார். எல்லாம் இத்தாலியில் செய்த சரக்கு, எல்லாம் இத்தாலிய அரசின் வர்த்தக அதிகாரியாக இருந்து விற்றது. அப்பேர்ப்பட்ட மனுஷன் மெல்போர்னுக்கு மாற்றலாகி வந்து தக்காளியிடம் தோற்கப் பார்த்தார். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர் அலுவலகத்தில் நான்தான் செயலாளர், நான்தான் மொழிபெயர்ப்பாளர், அவசரத்துக்குக் காரோட்டியும் நான்தான்.

ரோமில் இருக்கிற பெரியவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கோடை முடிவதற்குள் பெரிய ஆர்டர் ஒன்று வரவேண்டும். வராவிட்டால் மெல்போர்ன் அலுவலகத்தை இழுத்துப் பூட்டிவிட்டு டொத்தோர் ரோமுக்கே திரும்பிக் கோப்பு பார்க்கலாம். அந்தக் கோப்பு அறைக்கு ஜன்னல் கிடையாதாம். "லொரெடானா, முப்பது வருஷம் ஊர் ஊரா சுத்தினவன் நான். அந்த அறையில ஒரு வாரத்துல செத்துருவேன்" என்பார். நாடக பாணி அவருக்குக் கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் அதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவார்.

அவருடைய திட்டம் இதுதான். தக்காளியை டப்பாவில் அடைத்து விற்கும் தெற்கு இத்தாலி முதலாளிகள் ஒரு மதிய விருந்துக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடையின் கொள்முதல் மேலாளர் கெய்லீன் ஹார்ட் வருவதாகச் சம்மதித்துவிட்டார். இந்த ஊர் இத்தாலியர்கள் இருநூறு பேர் டப்பா தக்காளியில் செய்த பாஸ்தாவை ரசித்துச் சாப்பிடுவதை அந்த அம்மா கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தால் ஆர்டர் தானாக வரும். தேதியும் குறித்துவிட்டார். பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, இந்த ஊரில் கோடை முடிகிற சமயம்.

"டொத்தோரே, அன்னிக்கு மட்டும் வேணாம்," என்றேன். "அன்னிக்கு எல்லாரும் தக்காளி சாஸ் காய்ச்சுவாங்க."

"காய்ச்சட்டுமே! அடுப்ப அணைச்சுட்டு வர எவ்வளவு நேரமாகும்?"

அவர் வடக்கு இத்தாலியில் திரியெஸ்தேக்காரர். அவர்கள் வீட்டில் சாஸ் கடையிலிருந்து வரும். தெற்கே கலாப்ரியாவிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் சனத்துக்கு அது கல்யாணம் மாதிரி. ஒரு வருஷத்துக்கான சாஸை ஒரே நாளில் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்கவேண்டும். தக்காளிப் பெட்டிகள் முன்கூட்டியே சொல்லிவைத்து வருபவை. பழுத்த தக்காளி ரோமின் உத்தரவுக்கெல்லாம் காத்திருக்காது. இதையெல்லாம் சொன்னேன். "அரசாங்க அழைப்பிதழ், லொரெடானா! தங்க எழுத்து!" என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

என் வீட்டில் எனக்கு வேறு கச்சேரி. "டப்பா விக்கறதுக்காக நம்ம தக்காளிய விட்டுட்டுப் போறியாடி? நம்ம வம்சத்துல இப்படி ஒருத்தியா!" என்று நிக்கொதெமோ சித்தப்பா தொலைபேசியிலேயே ஆடித் தீர்த்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் இருநூறு நாற்காலி, வெள்ளைத் துணி, நடுவில் கோபுரம் மாதிரி அடுக்கிய தக்காளி டப்பாக்கள். ஆள்தான் இல்லை. பரிமாற வரவேண்டியவர்களும் வரவில்லை. சமையல்காரர் சவேரியோவைப் போனில் அழைத்தேன்.

"ஜுரம்மா, எழுந்திருக்கவே முடியல," என்று முனகினார். பின்னால் பாட்டில்கள் கலகலவென்று சத்தம் போட்டன. யாரோ ஒரு பெண், "சவேரியோ, பேசில் இலைய எங்க வச்ச?" என்று கத்தினாள். ஜுரக்காரர் உடனே போனை வைத்துவிட்டார்.

கெய்லீன் ஹார்ட் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த முகம், வாய்விட்டுச் சிரிக்கிற பெண்மணி. காலியான நாற்காலிகளைப் பார்த்தார், டப்பாக் கோபுரத்தைப் பார்த்தார்.

"மத்தவங்கல்லாம் எங்க?"

"ரோட்டுல ஒரே நெரிசல், மேடம்..." என்று டொத்தோர் ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை.

"நெரிசல் ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் வீட்டுல சாஸ் காய்ச்சறாங்க. அத விட்டுட்டு டப்பா தக்காளி திங்க எவன் வருவான்?"

டொத்தோர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்கவேண்டும். கெய்லீனோ விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்குப் பசி உயிர் போகுது. அப்ப சாப்பாடு அங்கதான இருக்கும்? வாங்க, போலாம்."

புறநகரான தாமஸ்டவுனில் இருக்கும் சித்தப்பாவின் கார் கொட்டகைக்கு நான் காரோட்ட, டொத்தோர் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவர் மடியில் ஒரே ஒரு டப்பா இருந்தது, மாதிரிக்காக.

கொட்டகையில் சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்தது. ஒரு பக்கம் பெட்டி பெட்டியாகத் தக்காளி, ஒரு பக்கம் எரிகிற அடுப்பில் இரும்புப் பீப்பாய், நடுவில் சித்தப்பாவின் சிவப்பு இயந்திரம். மேலே தக்காளியைப் போட்டால் தோலும் விதையும் ஒரு வாயில் வந்து விழும், சாறு இன்னொரு வாயில் கொட்டும். இத்தாலிக்குப் போனபோது உடுப்புகளை அங்கேயே விட்டுவிட்டு, துணிப்பெட்டியில் இதைத் தூக்கிவந்தவர் அவர்.

"வாடி, டப்பா மகாராணி!" என்றார் சித்தப்பா. டொத்தோரின் கையைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஐயா, அத வெளியவே வச்சுட்டு வாங்க. பாத்தா நம்ம தக்காளி பயந்துரும்."

கொட்டகையே சிரித்தது. அன்றைக்கு உள்ளே காலெடுத்து வைத்தவர் யாராக இருந்தாலும் வேலை செய்யவேண்டும். பாதிரியார் வந்தாலும் இதே சட்டம்தான். அசுந்தா சித்தி டொத்தோரின் பட்டுக் கழுத்துப்பட்டையை அவளே அவிழ்த்து ஆணியில் மாட்டி, ஒரு பூப்போட்ட முன்துணியைக் கட்டிவிட்டாள். அவரை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். கெய்லீனுக்கு, வாசனைக்காகப் பாட்டிலுக்கு ஒரு பேசில் இலை போடுகிற வேலை.

முதலில் டொத்தோர் சட்டைக் கையைக் காப்பாற்றப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கவலை போயிற்று. தலைமுடியில் தோல், மூக்கில் விதை.

"வேகமா போடுங்கய்யா, ஆபீஸ் வேலைன்னு நெனச்சீங்களா?" என்று சித்தப்பா அதட்ட, "உங்க தக்காளிதான் மெதுவா போகுது, தெக்கத்தித் தக்காளி!" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கொட்டகையிலேயே பலகை போட்டுச் சாப்பாடு. புது சாஸில் பாஸ்தா, சித்தப்பாவின் வீட்டு ஒயின். கெய்லீன் மூன்றாவது தட்டை வழித்துத் துடைத்துவிட்டு டொத்தோர் பக்கம் திரும்பினார்.

"நேராவே சொல்லிடறேன். உங்க டப்பா எனக்கு வேணாம். ஏற்கெனவே ஏழு வகை அடுக்கி வச்சிருக்கேன். இந்தச் சாஸச் சாப்பிட்டப்புறம் எட்டாவத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விக்கறது?"

டொத்தோர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஜன்னல் இல்லாத அந்த அறை அவர் கண்ணெதிரே வந்திருக்கவேண்டும். "புரியுது மேடம்," என்றார், மரியாதையாக. என் வாயைக் கட்டிக்கொண்டு மண்டபத்திலேயே இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கெய்லீனின் கண் மட்டும் அந்தச் சிவப்பு இயந்திரத்தை விட்டு நகரவில்லை. "எங்க வீட்டுக் கொல்லையில வருஷா வருஷம் தக்காளி காச்சுத் தொங்குது. என்ன பண்றதுன்னு தெரியாம பக்கத்து வீட்டுக்குக் குடுக்கறேன். அவங்க அவங்களோடத எனக்குக் குடுக்கறாங்க. பாதி ஊர் இப்படித்தான். நிக்கொதெமோ, இத என்ன விலைக்குக் குடுப்பீங்க?"

"இதயா? அசுந்தாவ வேணா கூட்டிட்டுப் போங்க."

"இந்தா மனுஷா, ராத்திரி சோறு வேணுமா வேணாமா?" என்றாள் சித்தி.

அப்போதுதான் டொத்தோர் எழுந்தார். கையை முன்துணியில் துடைத்துக்கொண்டார். "மேடம், அவர் விக்கமாட்டார். ஆனா நான் விப்பேன்."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இது இத்தாலியில் எமிலியா பக்கம் எந்தத் தொழிற்சாலையில் செய்தது, இந்த ஊர் மின்சாரத்துக்குப் பிளக்கை எப்படி மாற்றலாம், தேய்கிற பாகம் எது, அடுத்த கோடைக்கு முன் சரக்கு வர எப்போது கப்பலேற்றவேண்டும், எல்லாம் ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் சொன்னார். தக்காளியை எடுத்து உள்ளே போட்டுக் காட்டினார். பாட்டில், மூடி, பீப்பாய், பெரிய அடுப்பு வரைக்கும் சேர்த்து ஒரே வரிசையில் அடுக்கலாம் என்றார். பூப்போட்ட முன்துணியோடு ஓர் அரசாங்க அதிகாரி அவ்வளவு கம்பீரமாக நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு எழுந்து கைதட்டவேண்டும்போல் இருந்தது.

கெய்லீன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "திங்கக்கிழமை விலை அனுப்புங்க. எங்க எல்லாக் கிளைக்கும் வேணும்," என்று கையை நீட்டினார். சாறு சொட்டும் கையை டொத்தோர் நீட்ட, அந்த அம்மா அதையே பிடித்துக் குலுக்கினார். கொட்டகை முழுக்க ஒரே கூச்சல். நான் டொத்தோரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவர் மேலதிகாரி என்பதே மறந்துவிட்டது.

சாயங்காலம் பங்கு பேசுகிற நேரம். வேலை செய்த வீட்டுக்கெல்லாம் ஆளுக்குத் தக்கபடி பாட்டில் உண்டு, அதுதான் வழக்கம். கெய்லீன் வீட்டில் நாலு பேர். சித்தப்பா டொத்தோர் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல எத்தன பேரு?"

எந்த நாட்டில் எந்தக் கேள்வி கேட்டாலும் சட்டென்று பதில் சொல்கிறவர் தடுமாறினார். "நான்... நான் மட்டுந்தான். எப்பவுமே."

"தனி ஆளுக்கெல்லாம் பங்கு பிரிக்கிற பழக்கம் இங்க கிடையாது," என்றாள் அசுந்தா சித்தி, பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்ம வீட்டுக் கணக்குல ஒண்ணு கூட்டிக்கோ. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க வந்து சாப்பிடட்டும்."

டொத்தோர் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மூடப்போனார்.

"ஐயோ, கண்ணத் தொடாதீங்கய்யா!" என்று சித்தப்பா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "தக்காளிக் கை, எரியும்!"