முதல் சிரிப்பின் உப்பு

எர்வின் பிட்ஸிலிக்குப் பதினெட்டு வருடமாக ஆட்களைச் சிரிக்க வைப்பதுதான் பிழைப்பு. செம்மணலில் சுற்றுலா ஜீப் ஓட்டுவதெல்லாம் அதற்கு அடுத்தபடி. பாறை வளைவின் கீழே வண்டியை நிறுத்தி அவன் அவிழ்த்துவிடும் ஏழு ஜோக்குகளுக்கும் நாலு கண்டத்து மனிதர்கள் சிரித்திருக்கிறார்கள். அசையாத ஆள் ஒன்றே ஒன்றுதான். வயது மூன்றரை மாதம். அவனுடைய தம்பி மகள்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோக்களின் வீடுகளில் ஒரு பிள்ளையை முதன்முதலாக வாய்விட்டுச் சிரிக்க வைத்தவர்தான் விருந்து வைத்து, பிள்ளையின் கையால் எல்லோருக்கும் உப்பு கொடுக்க வேண்டும். செலவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சிரிக்க வைத்தவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும், கவலை அதில்தான்.

தம்பி போன பனிக்காலத்தில், மகளைப் பார்க்காமலே போய்விட்டான். இறந்தவர் பெயரை அங்கே சொல்லமாட்டார்கள், எர்வினும் சொல்வதில்லை. கூரை அதிரச் சிரித்தவன் அவன். அந்தக் கலகலப்பு இப்போது கொஞ்சம் தேய்ந்துபோய் எர்வினிடம் மட்டும் மிச்சமிருக்கிறது. அதை எப்படியாவது பிள்ளைக்குள் போட்டுவிட வேண்டும். மூன்று வாரமாகக் கழுதைபோலக் கத்தினான், பூட்ஸைக் காதில் மாட்டினான், ஆட்டோடு முட்டினான். ஆட்டுக்குக்கூடக் கொஞ்சம் பிடித்திருந்தது. பிள்ளையோ மனுவைத் திருப்பி அனுப்பும் அதிகாரிபோல அவனைப் பார்த்தது.

அந்த வியாழக்கிழமை வண்டியில் ஒரே ஒரு பயணி. வெண்டல் க்ராஃப்ட், மின்னசோட்டாவில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். மடியில் நோட்டுப்புத்தகம்.

"இந்தப் பாறை ஆயிரம் அடி சார்."

"தொள்ளாயிரத்து எண்பத்தேழு," என்று வெண்டல் விரலை நீட்டினார்.

"விரல் நீட்டாதீங்க சார். இங்க உதட்டாலதான் காட்டுவோம்."

வெண்டல் உதட்டைக் குவித்தார். முத்தம் கொடுக்கப்போய் மனசு மாறிய மாதிரி இருந்தது. "இப்பவும் தொள்ளாயிரத்து எண்பத்தேழுதான்."

ஏழு ஜோக்குகளில் ஒன்றுகூட அவரிடம் எடுபடவில்லை.

தம்பி மனைவி டெர்லினின் மண்வீட்டில்தான் வண்டி எப்போதும் இளைப்பாறும். வருகிறவர்களுக்கு அவள் தறியைக் காட்டுவாள். அன்று வாசலுக்கே ஓடிவந்து, பிள்ளையைக் கட்டிவைத்த தொட்டில் பலகையை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆடெல்லாம் ஓடைக்குள்ள இறங்கிடுச்சு அத்தான். பத்து நிமிஷத்துல வந்துடறேன். கழுதை வேஷம் மட்டும் வேணாம், பாவம் இப்பதான் முழிச்சா."

பலகையைச் சுவரோரம் நிழலில், வெண்டலின் பக்கத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போனான் எர்வின். காற்று ஒரு கை மண்ணை அள்ளி வீசியது. வெண்டல் தும்மினார். எர்வின் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் தும்மலில் தொப்பி அவர் கண்ணை மூடியது. மூன்றாவதில் நோட்டுப்புத்தகம் பறந்தது.

பிள்ளை சிரித்தது.

முதலில் ஒரு விக்கல். பிறகு மூச்சை உள்ளே இழுத்து ஒரு நொடி நிறுத்தியது. அதற்கப்புறம் கரை உடைந்த மாதிரி. எர்வினின் கையிலிருந்த பாட்டில் மணலில் விழுந்தது. விக்கலில் தொடங்கும் அந்தச் சிரிப்பை அவன் தம்பியோடு ஒரே பாயில் படுத்த காலத்திலிருந்து கேட்டிருக்கிறான்.

"மன்னிக்கணும், பிள்ளைய பயமுறுத்திட்டேனா?" என்றார் வெண்டல், தொப்பிக்குள்ளிருந்து.

பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. டெர்லின் ஓடைக்குள் இருக்கிறாள். சாட்சிக்குப் பாறைகள்தான், அவை இதுவரை யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வாரக் கழுதைப் பாட்டுக்குக் கூலி கிடைத்துவிடும். ஆனால் பிள்ளைக்குள் முதலில் போய் உட்காரப்போவது அந்தப் பொய்யாகத்தான் இருக்கும்.

டெர்லின் மூச்சிரைக்க மேலேறி வந்தாள். "ஏன் அத்தான் இப்படி நிக்கறீங்க?"

"சிரிச்சுட்டா."

"யாரு சிரிக்க வச்சது? நீங்கதானே?"

எர்வின் உதட்டைக் குவித்து வெண்டலைக் காட்டினான். "இவரு. தும்மியே சாதிச்சுட்டாரு."

"எப்படிச் சிரிச்சா?"

"நமக்குத் தெரிஞ்ச சிரிப்புதான், டெர்லின்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விருந்து வழக்கத்தை எர்வின் சொன்னதும் வெண்டல் நோட்டுப்புத்தகத்தைத் தட்டி எடுத்தார். "எத்தனை பேர் வருவாங்க? பிள்ளை கையால உப்பு குடுக்கணும்னீங்களே, ஆளுக்கு எத்தனை கிராம்?"

"அளக்கக் கூடாது சார். நீங்க அளந்து குடுத்தா அவ கஞ்சப்பிசினாறியா வளருவா."

வெண்டல் நெடுநேரம் பிள்ளையைப் பார்த்தார். நோட்டை மூடினார். "அப்ப ஊருக்குப் போற டிக்கெட்டை மாத்தணும்," என்றார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு ஆடு, நாற்பது பேர். வெண்டல் மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, அதன் கையைத் தன் கையால் தாங்கி ஒவ்வொருவருக்கும் கல்லுப்பு கொடுத்தார். "இவ வளர்ந்து என் வண்டியிலயே ஏறி, 'ஆயிரம் அடி இல்ல பெரியப்பா'ன்னு என் மானத்த வாங்கப்போறா," என்று எர்வின் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டே கடைசியாக வந்து கையை நீட்டினான்.

உப்பு குவிந்து, விரல் வழியே மண்ணில் சிந்தியது.

"அளவு விட்டுப்போச்சு," என்றார் வெண்டல்.

பிள்ளை பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தது. ஒரு விக்கல். ஒரு நிறுத்தம். பிறகு சிரிப்பு.

தட்டுச் சத்தமெல்லாம் அடங்கியது. நாற்பது பேருக்கும் அது யாருடையது என்று தெரியும். யாரும் பெயரைச் சொல்லவில்லை.

எர்வின் இன்னொரு கையையும் நீட்டினான். "இன்னும் கொஞ்சம் போடுங்க சார்."