பச்சைத் தாளில் போட்டிருந்த நேரம்

மாதா கோயிலில் பூசைக்கு மணி அடித்துவிட்டது. ரெனாட்டா மூன்றாவது தடவையாகத் திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணினாள். இருபத்து மூன்று. அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள், நான்கு பேர் யார் செத்தாலும் தவறாமல் வந்துவிடும் ஜெபமாலைக் கூட்டம். நடு வழியில் அம்மாவின் பெட்டி. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகக் காலி பெஞ்சுகள். பதினொரு வருஷம் உழைத்தவளுக்கு ஒரு டீச்சர்கூடவா வரக்கூடாது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பள்ளிக்கூடத்துலேருந்து ஒருத்தரையும் காணோமேப்பா" என்று அப்பாவின் காதோடு சொன்னாள்.

எலோய் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வருவாங்க. கார் விட எடம் தேடுவாங்களா இருக்கும்."

"வெளிய பாதி எடம் காலியா கெடக்குப்பா."

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அமெரிக்காவில், அல்புகெர்க்கி நகரின் தென்கோடியில், ஆற்றை ஒட்டிய சார்ட்டர் பள்ளி அது. பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது தனிக் குழு. மற்றப் பள்ளிகளைப் போல அந்தந்தத் தெருப் பிள்ளைகள் தானாக வந்து சேருவதில்லை. குடும்பங்களைத் தேடிப் பிடித்து, ஓடிவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு தடவை அனுமதியைப் புதுப்பிக்க வருகிறவர்கள், பெற்றோரோடு எப்படித் தொடர்பு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அம்மா ஓர்லிண்டாவை வேலைக்கு எடுத்தார்கள். வியாழக்கிழமை தோறும் அவள் ஒரு செய்திமடல் போட்டாள். பச்சைத் தாள், இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்பானிஷ். தொலைந்த ஜாக்கெட், பேன் பார்க்கும் நாள், நூலகத்துக்குத் திரும்பாத புத்தகம், மத்தியானச் சாப்பாடு. முதல் வரி எப்போதும் 'திருத்தம்'. போன வாரம் செய்த தப்பை அதில் ஒப்புக்கொள்வாள். தப்பில்லாத வாரத்தில், 'போன வாரம் தப்பில்லை என்று நினைக்கிறேன், கண்டுபிடித்தவர்கள் சொல்லவும்' என்று போடுவாள்.

இந்த ஜனவரியிலிருந்து அது மின்னஞ்சலிலும் போக ஆரம்பித்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று கணினி கணக்குச் சொல்லும். முதல் மாதம் கழித்துப் பள்ளி முதல்வர் ஹார்லன் அந்த எண்ணைக் காட்டினார். இருநூற்று நாற்பது குடும்பத்தில் முப்பத்தொன்று.

ரெனாட்டா ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருக்கிறாள். அம்மா அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம்தான் கேட்டாள்.

"அப்ப மத்தவங்கல்லாம் படிக்கலேங்கறியா?"

"தொறக்கவே இல்லேங்கறேன். யாரும்மா இந்தக் காலத்துல பேன் பாக்கற நாள் என்னைக்குன்னு உக்காந்து படிக்கறா?"

"தலையில பேன் இருக்கறவங்க" என்றாள் அம்மா.

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு அம்மா சமையலறை மேசையை இரண்டு தடவை துடைத்தாள். ரெனாட்டா அதைப் பார்த்தாள், பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய அம்மா வாசலில் நின்ற காரை எடுக்காமலே ஸ்டியரிங்கில் சாய்ந்து செத்துப்போன பிறகு, ரெனாட்டாவுக்கு அந்த மேசைதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

புதன்கிழமை ஹார்லன் போனில் கூப்பிட்டார். "இந்த வாரம் மடல் வேண்டாம்மா, நிறுத்திடலாம்."

"நிறுத்த வேண்டாம் சார். நான் போட்டுத் தரேன்."

அம்மா செய்கிற மாதிரியே செய்தாள். போன வார மடலைத் திறந்து, அதன் மேலேயே புதிதை எழுதிக்கொண்டு போவது. மூன்றாவது செய்தி, 'சனிக்கிழமை, 11.30 மணி, சாப்பாட்டுக் கூடத்தில் முதல்வரோடு காபி' என்று இருந்தது. அதை அழித்து அம்மாவின் அடக்கத்தை எழுதினாள். தேதியை மாற்றினாள். இடத்தை மாற்றினாள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் எலோய் பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். புதன்கிழமை சாயங்காலங்களில் ஓர்லிண்டா மடலை முழுதாக வாசித்துக் காட்டுவாள். அவர் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார். "வாசிச்சுக் காட்டும்மா" என்றார்.

"நாலு வரிதாம்ப்பா. என்னால இப்ப வாசிக்க முடியாது."

அனுப்பிவிட்டாள்.

பூசை பதினொரு மணிக்குள் முடிந்தது. பன்னிரண்டுக்கு அங்கே ஒரு கல்யாணம். பூ வளைவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வாசலில் வழிவிட்டு நின்றார்கள். பெட்டியைக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார்கள். உறவுகள் தோளைத் தட்டிவிட்டுத் தங்கள் கார்களில் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டிக்காரர் பின்கதவைச் சாத்தும்போது மணி பதினொன்றே கால்.

அப்போது ஒரு பழைய வேன் உள்ளே வந்தது. மூன்று பிள்ளைகளும், வெள்ளித் தாள் மூடிய பெரிய தட்டோடு ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிச் சட்டை போட்டிருந்தார்கள்.

"நீங்க மிஸ் ஓர்லிண்டா பொண்ணுதானே? அப்படியே அந்த மொகம். நான் யெசேனியா. சிவப்பு மிளகா போட்ட எஞ்சிலாடா இது, கூட்டத்துக்குக் காணாதுன்னு தெரியும்..." வண்டிக்குள் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "எங்க கெளப்பறாங்க? இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?"

"பூசை பத்து மணிக்குங்க. முடிஞ்சிடுச்சு."

"பத்தா?" யெசேனியா தட்டைப் பெரிய பையனிடம் கொடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து பச்சைத் தாளை எடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்திருந்தது. மேல் ஓரத்தில் பிரிட்ஜ் காந்தத்தின் வட்டத் தடம்.

சனிக்கிழமை, 11.30 மணி.

ரெனாட்டாவுக்கு முகம் சுட்டது. நேரத்தை மாற்றவில்லை. முதல்வரோடு காபி குடிக்கிற நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"நாந்தாங்க இதப் போட்டேன். மாத்த மறந்துட்டேன்."

அதற்குள் இன்னும் ஐந்தாறு கார்கள் வந்துவிட்டன. பின்னாலேயே பள்ளி பஸ். கார் இல்லாத குடும்பங்களுக்காக ஹார்லன் ஏற்பாடு செய்திருக்கிறார். கறுப்பு டையோடு முதலில் இறங்கியவர், வண்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், உங்களுக்குக்கூடத் தெரியாதா?"

"எனக்கு வேற யாரு சொன்னா? நானும் இதப் பாத்துத்தாம்மா வரேன்" என்று சட்டைப் பையைத் தொட்டார். அங்கேயும் பச்சைதான்.

"மெயில்ல..." என்று ரெனாட்டா ஆரம்பித்தாள்.

"மெயிலெல்லாம் யாரு பாக்கறா?" என்றாள் யெசேனியா. "தாள் பையில வந்துரும். பிரிட்ஜ்ல ஒட்டுவோம். புதுசு வந்தாத்தான் பழசு எறங்கும். எங்க மாமியார் அந்தத் திருத்தத்தப் படிச்சுட்டுத்தான் காபியே குடிப்பாங்க."

ரெனாட்டாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தாள்.

எலோய் முன்காரிலிருந்து இறங்கி வந்தார். தாளை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாய்க்குள் வாசித்தார். தொலைந்த நீல ஜாக்கெட், புதன்கிழமை போட்டோ எடுப்பது, ஒன்றையும் விடவில்லை. மூன்றாவது செய்தியில் நின்றார்.

"வாசிச்சுக் காட்டியிருந்தா தப்பப் புடிச்சிருப்பேன்."

"ஆமாப்பா."

"பேன் பாக்கற நாள் எங்க?"

"போன வாரமே முடிஞ்சிடுச்சுப்பா."

அவர் தலையாட்டிவிட்டு வண்டிக்காரரிடம் போனார். "கதவத் தொறங்க தம்பி. பெட்டிய எறக்கணும்."

"ஐயா, குழி வெட்டறவங்க பன்னண்டுக்குக் கெளம்பிருவாங்க."

"போன் பண்ணுங்க. தப்பு எங்க வீட்டோடதுன்னு சொல்லுங்க."

வாசலிலேயே, சக்கரம் வைத்த சட்டத்தின் மேல் பெட்டியை இறக்கினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பூ வளைவை ஓரமாகத் தள்ளிக்கொண்டார்கள். சனம் வந்தபடியே இருந்தது. யாரும் சொல்லாமலே வரிசை உண்டாயிற்று. டீச்சர்கள், கட்டட வேலைச் சட்டையோடு அப்பன்மார்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். ஒவ்வொருவரும் பெட்டியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு சின்னப் பெண் ரெனாட்டாவிடம், "எங்க பேர்ல புக்கு பாக்கி இருக்குன்னு போட்டாங்க. நான் குடுத்துட்டேன்" என்றாள். "சரி கண்ணு, பாத்துக்கறேன்" என்றாள் ரெனாட்டா.

கல்லறைக்குக் கிளம்பியபோது பன்னிரண்டரை. எலோய் அந்தத் தாளை மடியில் வைத்துக் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் திருத்தம் போடணும்."

"மொத வரியா போடறேம்ப்பா. புதன்கிழமை வரேன், வாசிச்சுக் காட்டறேன்."

பெட்டி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் அவர்கள் கார் நடை வேகத்தில் போனது. வாய்க்காலை ஒட்டிச் சாலை வளைகிற இடத்தில், வயலுக்கு அந்தப் பக்கம் கோயில் கேட் தெளிவாகத் தெரிந்தது. விளக்குப் போட்டுக்கொண்டு கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரெனாட்டா எண்ண ஆரம்பித்தாள். கணினி சொன்ன அந்த முப்பத்தொன்று வந்ததும் நிறுத்திக்கொண்டாள். பள்ளி பஸ் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை.