வந்தவர் யார், இருந்தவர் யார்

1

இந்தக் கதை என் அற்பத்தனத்தில் பிறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, அஜர்பைஜானின் பாக்கு நகரில், என் வீட்டு வரவேற்பறையில். இதைவிட மேலான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "பதினோராம் நூற்றாண்டில் ஓகூஸ் துருக்கியர் குதிரைமேல் ஏறி..."

(அடித்துவிட்டேன். அஜர்பைஜானியர் கதை என்றாலே குதிரையில்தான் ஆரம்பிக்கிறோம். ஒருத்தராவது ஏற்கெனவே வீட்டில் இருந்திருக்கக் கூடாதா?)

தொடக்கம் இரண்டு: "அதற்கு முன்பே இங்கே காக்கேசிய அல்பேனியர்* இருந்தார்கள், பாரசீக மொழிகள் பேசியவர்கள் இருந்தார்கள். துருக்கி மொழி வந்தபோது அந்தச் சனம் எங்கும் போய்விடவில்லை, மொழியைத்தான் மாற்றிக்கொண்டு..."

(இதுவும் வேண்டாம். இது நான் எழுதிய பாடப்புத்தகத்தின் வரி. எழுதியவனே அதை மனசார நம்பவில்லை என்பதுதான் கதை.)

* இவர்கள் வேறு, ஐரோப்பாவின் அல்பேனியர் வேறு. வகுப்பில் வருஷாவருஷம் இதைச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

3

என் மகள் சினாராவைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பையன் ரோவ்ஷன், தங்கமானவன். அவன் அப்பா அகரஹிம் பல் மருத்துவர், லாஹிஜ் என்ற மலைக்கிராமத்துக்காரர். எல்லாம் பேசி முடித்தாயிற்று. சீனி போட்ட தேநீர் கொண்டுவரச் சொல்லி நான் குரல் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தம், அது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அகரஹிம் தன் மனைவியிடம் தாத் மொழியில் ஏதோ கிசுகிசுத்தார். பாரசீகத்துக்கு உறவான மொழி. எனக்குச் சுருக்கென்றது.

"நீங்கல்லாம் எங்கேருந்து வந்தவங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "நாங்க எங்க வந்தோம் வாத்தியாரே? இங்கயேதான் கெடந்தோம். நீங்கதான் வந்தீங்கன்னு உங்க புத்தகம் சொல்லுது. அதைப் படிச்சுத்தான் இவன் பாஸ் பண்ணான்."

எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர.

"பாரசீகத்தை ஆண்ட சாசானியர் காலத்துல உங்களையும் கொண்டுவந்துதான் குடிவெச்சாங்கன்னு ஒரு கருத்து இருக்கு" என்றேன். பெண் கேட்க வந்தவர்களிடம்! அதோடு நிறுத்தினேனா? "யோசிச்சுச் சொல்றோம்" என்றும் சொன்னேன். சீனி இல்லாத தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4

முதல் பிரதியில் பெண்ணின் அப்பாவுக்கு, அதாவது எனக்கு, வேறு பெயர் வைத்து, நீங்கள் பரிதாபப்படட்டுமே என்று ஒரு நெஞ்சுவலியும் கொடுத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். எனக்கு நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது.

முடிவு அ: அப்பா படியிறங்கி ஓடி அவர்களைத் திரும்ப அழைக்கிறார். (பொய். நான் சோபாவைவிட்டு அசையவில்லை.)

முடிவு ஆ: மகள் ரோவ்ஷனோடு ஓடிப்போகிறாள், அப்பா...

5

இந்த இடத்தில் சினாரா பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"ஓடிப்போறேனா? மெட்ரோவுல ஏறினா அவங்க வீடு வந்துரும்ப்பா, எதுக்கு ஓடணும்?"

"கதைதானேம்மா."

"எல்லாரும் கலந்துதான் நாமன்னு எழுதுறீங்க. கலந்தாங்கன்னா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்? அந்தப் பொண்ணுங்களுக்கும் அப்பா இருந்திருப்பாங்கல்ல? அவங்க என்ன சொன்னாங்க?"

என் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கூசிப்போனேன்.

அவள் அகரஹிமின் எண்ணை அழுத்தி, போனை என் கையில் வைத்தாள். மணி அடித்தது.

"சொல்லுங்க வாத்தியாரே" என்கிறார். குரலில் சிரிப்பு இல்லை.

வாசகரே, முதல் வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள், அப்படியே வாசித்துவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.