உலகம்மையின் வேகம்

கரமனையாற்றின் அக்கரையில் நூல் மில் வந்த இரண்டாம் வருஷமே, இழை ஒட்டுவதில் உலகம்மைக்கு நிகர் யாரும் இல்லை என்று பேராகிவிட்டது. நூல் சுற்றி ஓடும் கதிரில் இழை அறுந்தால் மற்றப் பெண்கள் நின்று, குனிந்து, ஒட்டிவிட்டு நகர்வார்கள். அவள் நடந்த நடையிலேயே ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டிருப்பாள். அண்ணன் வேலப்பனுக்கு இங்கே மெஷின் பூட்டும் பிட்டர் வேலை கிடைத்தபோது, அவனோடும் மதினி முத்தாரம்மாளோடும் பூதப்பாண்டியிலிருந்து வந்தவள். மூன்று பேருக்கும் அதே மில்தான்.

ஒருநாள் பம்பாய் முதலாளிகள் சிலர் மில்லைப் பார்க்க வந்தார்கள். ஊருக்குள் தம்பானூர் வரை ரயில் வந்தாயிற்று, கரண்டும் வந்தாயிற்று; இன்னும் நாலு ஆலை கட்டினால் அதற்கேற்ற ஆட்கள் இந்த ஊரில் உண்டா என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. சூப்பர்வைசர் வெங்கடேஸ்வரன் அவர்களை உலகம்மையிடம் அழைத்து வந்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர், அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவர்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"உலகம்மே, கொஞ்சம் வேகமாக் காட்டு. இவாளெல்லாம் பாக்கட்டும்."

காட்டினாள். யாரும் அவளை அப்படி வியந்து பார்த்ததில்லை. மனசு பொங்க, விரல்கள் பறந்தன. ஓரமாக நின்ற ஒல்லி மனிதர் மட்டும் அவள் முகத்தையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஷெட்டுக்குள் நுழைந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சத்தம் மாறியிருந்தது. வழக்கமான இரைச்சல் போய், காதுக்குள் துளைக்கிற மாதிரி ஒரு கீச்சல். இழைகள் சடசடவென்று அறுந்தன. பெண்கள் ஓடி ஓடி ஒட்டினார்கள்.

அன்று ராத்திரி வேலப்பன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"மோட்டார்ச் சக்கரத்தக் கழத்திட்டு, மெஷின் வேகமா ஓடப் பெரிசு போடச் சொன்னாவ. போட்டேன்."

"எதுக்குண்ணே?"

"உன் கைக்குத் தோதா இருக்கட்டுமாம்."

அதன்பின் ஷெட்டில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுசாக வந்த சொர்ணம்மாளுக்கு அவளே வேலை பழக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது, பழக்கினாள். முத்தாரம்மாள்தான் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்: "நீ கொஞ்சம் மெள்ளச் செய்யப்பிடாதாட்டி? எங்களால ஓட முடியல்ல."

மெள்ளச் செய்தும் பார்த்தாள். மெஷின் மெள்ள ஓடவில்லை. கடைசியில் வெங்கடேஸ்வரனிடமே போய், பழைய சக்கரத்தை மாட்டச் சொல்லிக் கேட்டாள்.

அவர் கோபிக்கவில்லை. "பம்பாய்க்கு எழுதிப் போயாச்சு. இந்த ஊர்க் கைக்கு இவ்வளவு வேகம் உண்டுன்னு. இனிக் குறைச்சா ஒரு ஆலையும் இவிடே வராது. நம்ம பிள்ளைகளுக்குத்தானே வேலை? மனசிலாச்சோ?"

மனசிலானது. அதனாலேயே பயம் கூடிற்று. ஒவ்வொரு நாளும் மெஷினை ஓட்டும் தோல் பட்டைக்குப் பக்கத்தில் மதினி திரும்பும்போதெல்லாம் உலகம்மையின் கண் அங்கே போய்வந்தது. ஆனாலும், அது நடந்த நேரத்தில் உலகம்மை எதிர்ப்பக்கம் பார்த்து இழை ஒட்டிக்கொண்டிருந்தாள். வரிசைக் கோடியில் ஓடித் திரும்பிய முத்தாரம்மாளின் முந்தானை அந்தப் பட்டையில் சிக்கியது. கத்தல் கேட்டுத் திரும்புவதற்குள் பட்டை கையையும் இழுத்துக்கொண்டது. சுவிட்சை அணைத்தது வேலப்பன்தான். அணைத்த பிறகும் பட்டை சற்று நேரம் ஓடித்தான் நின்றது.

பெரியாஸ்பத்திரியில் மதினியின் கையை முழங்கை வரை எடுத்தார்கள்.

மறுநாள் காலை ஷெட்டில் அதே கீச்சல்தான். வெங்கடேஸ்வரனின் கண் கலங்கியிருந்தது. "கஷ்டமாயிடுத்து. இன்னிக்கு அவளோட மெஷினையும் நீயே பாத்துக்கோ. உன்னால முடியும்."

உலகம்மை இரண்டு மெஷினுக்கும் நடுவில் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். ஒரு இழை அறுந்தது. பிறகு நாலைந்து. பிறகு வரிசையாக. வெள்ளைப் பஞ்சு முகத்தில் வந்து ஒட்டியது. இனி எல்லாரும் நிறுத்துவார்கள் என்று நினைத்தாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் கைகள் நிற்கவில்லை. கண் இங்கே இருக்க, விரல்கள் தம்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போயின.

எதிர் வரிசையிலிருந்து சொர்ணம்மாள் வந்தாள். தலையைக் குனிந்தபடி, "மன்னிச்சிரு, அக்கா" என்று சொல்லிவிட்டு அறுந்த இழைகளை ஒட்டத் தொடங்கினாள். நடந்த நடையிலேயே ஒட்டினாள்.

கேட்டை நோக்கி நடந்த உலகம்மையை யாரும் திட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. கேட்டுக்கு வெளியே, மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டை விட்டு வேலை தேடி இறங்கிய சனம் வெயிலில் குந்தியிருந்தது. அவள் வெளியே கால் வைத்ததும் காவல்காரன் ஒரு பெண்ணைக் கைகாட்டி அழைத்தான். சின்னப் பெண், முந்தானை தளர்ந்து தொங்கியது. உலகம்மை அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"முந்தானைய இறுக்கிச் செருவிக்கோட்டி. பட்டைக்குக் கிட்ட போவாத."

மெஷின் கீச்சலில் அந்தப் பெண்ணுக்குக் காதில் விழவில்லை.

"என்னக்கா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கேட் மூடிக்கொண்டது.