பாதுகாப்புக் காரணம்

காற்று வீசும் மாதங்கள் ஐந்து. அந்த ஐந்து மாதமும் காலை பத்து மணி நெருங்கினாலே அவள் கண் போன் பக்கம் போய்விடும்.

மின்சுமைப் பகிர்வு மையத்தில் அவள் பகல் ஷிப்ட் பொறியாளர். சுவர் முழுக்கத் திரை, அதில் நாட்டின் மின்பாதைகள் எல்லாம் சிலந்திவலையாய்ப் படர்ந்து கிடக்கும். மேல் மூலையில் மின்சாரத்தின் அலைவெண், ஹெர்ட்ஸ் கணக்கில். ஐம்பதை ஒட்டி நின்றால் சுகம். விலகி ஓடினால் ஆபத்து. ஒன்பதே முக்காலுக்குத் தலைமைப் பொறியாளர் போனில் கூப்பிட்டு, இன்றைக்கு முன்னூறு மெகாவாட் குறைத்துவிடுங்கம்மா என்பார். எழுத்தில் ஒரு வரி வராது. அவள் காற்றாலைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கைகளை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காற்று மின்சாரம் எவ்வளவு வந்தாலும் முதலில் அதை வாங்க வேண்டும், மின்கட்டமைப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம் என்று அரசாங்கம் கொள்கை போட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தது. அதே அரசாங்கம்தான் நிலக்கரி நிலையங்களோடு இருபத்தைந்து வருட ஒப்பந்தமும் போட்டிருந்தது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்களுக்குக் கொடுப்பதைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான். கொடுத்ததை வீணாக்க மனமில்லாமல் கரியை எரித்தார்கள், காற்றை நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு அவளுக்கு இரண்டு வார்த்தைகள் கொடுத்திருந்தார்கள்: பாதுகாப்புக் காரணம்.

அவளும் வாயைத் திறக்கவில்லை. அவள் தம்பி அனல்மின் நிலையத்தில் கரி போகும் கன்வேயரில் ஒப்பந்த வேலை பார்த்தான். கரி எரிந்தால்தான் அவன் வீட்டு அடுப்பும் எரியும்.

மற்ற காற்றாலைக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு நிறுத்துவார்கள். ஒருவர் மட்டும் லேசில் விடமாட்டார். நாற்பது கோபுரங்களுக்கு மேலாளர். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. கட்டைக்குரல் என்று மையத்தில் பேர் வைத்திருந்தார்கள். அலைவெண் எங்கள் திரையிலும் தெரிகிறது, ஆணி அடித்த மாதிரி ஐம்பதில் நிற்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லுங்கள் என்பார். அவள் அந்த இரண்டு வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வாள். ஒருநாள் அவர் பொறுமை அறுந்துவிட்டது.

"உன் கை பட்டா எதும்மா சுத்தும்? உன் வீட்டுலயாவது ஏதாவது ஓடுதா, அங்கயும் எல்லாத்தையும் நிறுத்திட்டியா?"

மூன்று வருடத்துக்கு முன் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்தபடியே அவள் கணவனின் மூச்சு நின்றிருந்தது. அந்த மனிதருக்கு அது தெரிய வழியில்லை. தெரியாமல் கொட்டினாலும் தேள் தேள்தான். அவள் போனை வைத்தாள். மறுநாளிலிருந்து நிறுத்தச் சொல்லும் பட்டியலில் அவருடைய காற்றாலை முதலில் வந்தது. ஓட்டலாம் என்று சொல்லும்போது கடைசியில் வந்தது. அதை அவளிடம் யாரும் செய்யச் சொல்லவில்லை.

அவர் வழக்குப் போட்டார். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் கொடுத்த மனுவில் அவள் பதவியையும் ஷிப்டையும் குறிப்பிட்டு, வேண்டுமென்றே செய்கிறார் என்று எழுதியிருந்தார். தலைமைப் பொறியாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், அதுவே புதுசு. நிறுத்திய நாட்களில் எல்லாம் ஆபத்தின் அறிகுறியைக் கண்டேன் என்று ஒரு கடிதம் தட்டச்சாகி மேசையில் காத்திருந்தது. அந்த ஆள் உங்களைத்தானேம்மா குறிவைக்கிறான், அவனுக்கு நாம் ஏன் இடம் கொடுக்கணும் என்றார். கட்டைக்குரல் தோற்றுப்போவதைப் பார்க்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை நடந்த அறையில் நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், ஓயாமல் இரையும் ஏசி. எதிர்ப்பக்கம் முதல் வரிசையில் நோஞ்சானாய் ஒருவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறந்தபோதுதான் அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்தா வருகிறது என்று தெரிந்தது.

அவர் வக்கீல் பதிவு செய்த போன் பேச்சுகளை ஓடவிட்டார். அவள் குரல் அறை முழுக்க ஒலித்தது: பாதுகாப்புக் காரணம், நிறுத்துங்க. பதினேழு நாள், பதினேழு தடவை. ஆணையத்தின் தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதற்கு மேலிடத்து உத்தரவு உண்டா என்று தலைமைப் பொறியாளரைக் கேட்டார்.

"மேலிடத்துலருந்து எந்த உத்தரவும் போகலை மேடம். அது ஷிப்ட்ல இருக்கிறவங்க முடிவு. இந்தம்மா கொஞ்சம் பயந்த சுபாவம். திரையில ஒரு கோடு ஆடினாலே கையும் ஓடாது காலும் ஓடாது."

அறையில் சிரிப்பு எழுந்தது. கட்டைக்குரலும் சிரித்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். நாடு பாதி இருண்டுபோன ஒரு மத்தியானம் நான்கு மணி நேரத்தில் எல்லாப் பாதைகளையும் திரும்ப உயிர்ப்பித்தவள் அவள். அன்று இதே தலைமைப் பொறியாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார். நியாய உணர்வு பிறந்து அவள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சிரிப்புத்தான் அவளை எழுப்பியது.

"உத்தரவு தினமும் ஒன்பதே முக்காலுக்கு இவர்கிட்டருந்து வந்துச்சு மேடம். நிறுத்தின நேரத்துல அலைவெண் என்னன்னு நான் ஷிப்ட் பதிவேட்டுல குறிச்சிருக்கேன். ஒருநாள்கூட ஆபத்து இல்லை. நான் சொன்னது பொய்."

"நீங்க கொடுத்த கடிதம் இங்க இருக்கே?"

"அதுவும் பொய்தான். கையெழுத்து என்னோடதுதான்."

தலைவர் அம்மாள், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் எதிர்ப்பக்கம் கைகாட்டி, இவர் காற்றாலையை முதலில் நிறுத்தியது மட்டும் யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது, அவர் பேசிய பேச்சுக்காகச் செய்தேன் என்றாள். கட்டைக்குரல் ஃபைலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பதிவேட்டை வரவழைத்துப் பார்த்து, இரண்டு மாதத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். இனி நிறுத்தச் சொன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், காரணத்தை அன்றன்றே வெளியிட வேண்டும். தலைமைப் பொறியாளருக்கு மாலை போட்டு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். பொய்க் கடிதம் கொடுத்ததற்காக அவளுக்கு ஊதிய உயர்வு வெட்டு. கூடவே ஊருக்கு வெளியே ஒரு துணைமின் நிலையத்துக்கு மாற்றல். காற்றை இனி சும்மா நிறுத்த முடியாததால், காற்று மாதங்களில் அனல்மின் நிலையத்தின் இரண்டு அலகுகள் படுத்துக்கொண்டன. ஒப்பந்த ஆட்களை ஐந்து மாதத்துக்கு வரவேண்டாம் என்றார்கள்.

தம்பி அவள் வீட்டு வாசல்வரைக்கும்தான் வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எவனோ சிரிச்சான்னு எழுந்து நின்னியே, என்னை ஒரு நிமிஷம் நெனச்சியாக்கா?"

நினைக்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

துணைமின் நிலையத்துக்கு ஒருநாள் கட்டைக்குரல் வந்தார். ட்ரான்ஸ்ஃபார்மர் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் சுலபமாகக் கேட்டது. நன்றி சொன்னார். கணவர் விஷயம் பிறகுதான் காதில் விழுந்தது, தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன் என்றார்.

"தெரியாதவகிட்ட மட்டும் அப்படிப் பேசலாமா? உங்களுக்காக ஒண்ணும் நான் சொல்லலை. நீங்களும் சிரிச்சீங்க, பாத்தேன்."

அவர் தலையாட்டினார். ஏதாவது செய்யணும் என்று இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். என் தம்பிக்குக் கன்வேயர் வேலை தெரியும், பெல்ட்டு, பேரிங்கு எல்லாம் பாப்பான். உங்களாலதான் வேலை போச்சு, என்னாலயும்தான். கூப்பிட்டா கூப்பிடுங்க. அதுக்காக நான் உங்களை மன்னிச்சிடுவேன்னு நெனக்காதீங்க."

அவர் நம்பரை எழுதிக்கொண்டு போனார். அடுத்த காற்று மாதம் பிறந்து பத்து நாள் கழித்துத் தம்பி மனைவி போன் செய்தாள். உங்கள் தம்பி அந்தக் காற்றாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், கோபுரத்தில் எண்பது மீட்டர் ஏறுகிறாராம் என்றாள். அவர் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன் அண்ணி என்றும் சொன்னாள். தம்பி பேசுவானா என்று இவள் கேட்கவில்லை. அவன் பின்னால் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பது போனிலேயே கேட்டது.

"மேல ஏறும்போது இடுப்புப் பெல்ட்டுல இருக்கிற ரெண்டு கொக்கியும் மாட்டச் சொல்லு," என்றாள். "ஒண்ணை மாட்டாம இன்னொண்ணை எடுக்கக் கூடாது."