கெட்டிலில் தெரிந்த கொழுந்தன்

தேன் கம்பெனி மேனேஜரம்மா அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அண்ணிக்கு வாயில் வைத்த காபி உள்ளே இறங்கவில்லை.

விளம்பரத்துக்குப் பொருட்களைப் படம் எடுக்கிற அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். முறைப்படி பார்த்தால் அவள் ஒரே ஒருத்தனுக்குத்தான் அண்ணி, லைட் போடுகிற கொழுந்தனுக்கு. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு கூரியர்காரர்கள் வரைக்கும் "அண்ணி, கையெழுத்து" என்றே நிற்பார்கள்.

படத்தில் இருந்தது யாரோ விற்கும் எண்ணெய் பாட்டில். மேலே பொன்னாக மின்னி, கீழே வர வர அடர்சிவப்பாக இருண்டு, உள்ளுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. அது அண்ணி அந்தக் கம்பெனியின் தேன் பாட்டிலுக்கென்று கண்டுபிடித்த வெளிச்சம்.

முன்னாலிருந்து லைட் அடித்தால் தேன் தார் மாதிரி கறுத்துப்போகும். அதனால் பாட்டிலுக்குப் பின்னால், கேமரா கண்ணுக்குப் படாமல், தங்க நிற அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்து அதன்மேல் லைட் விடுவார்கள். இது தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அண்ணி மட்டும் அந்த அட்டையின் கீழ்ப்பாதியைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, அங்கே கறுப்பு அட்டையை ஒட்டுவாள். அந்தச் சாய்வில்தான் சூட்சுமம். "இப்படி வேற எந்த பாட்டிலும் மின்னாது" என்று மேனேஜரம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

போன் வந்தது. "இது எப்படிம்மா வெளிய போச்சு?"

அந்த அட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். அண்ணி தன்னைக் கழித்துக்கொண்டாள். மீதி யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"வீட்டு ஆள் ஒருத்தர் மேலதான் சந்தேகம். கையும் களவுமா புடிச்சு அனுப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவன் தும்மினாலும் அவளுக்கு அதில் சூது தெரிந்தது. போனில் பேசச் சந்துக்குப் போனால் எண்ணெய்க்காரனோடுதான் பேசுகிறான். சிரித்தால் கெக்கலிக்கிறான். சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு. புருஷனிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"என் தம்பியா? அவனுக்கு அவன் செருப்பையே ஒளிச்சு வைக்கத் தெரியாது" என்று அந்த மனிதர் புரண்டு படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் மேஜையில் ஏறியிருந்தது எவர்சில்வர் கெட்டில். அதைப் படம் எடுப்பது போல் தொல்லை வேறு இல்லை. அறையில் இருக்கிற அத்தனையும், ஃபேன், ஏணி, எடுக்கிற ஆளின் வயிறு உட்பட, அதன் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்ற நாளில் அண்ணி அதைத் திட்டித் தீர்ப்பாள். இப்போது கெட்டிலைத் துடைக்கிற சாக்கில், முதுகுக்குப் பின்னால் கொழுந்தன் என்ன செய்கிறான் என்று அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தும்விட்டாள். அவன் போனை எடுத்தான். லைட், மறைப்புத்துணி, அட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தான்.

திரும்பினாள். "யாருக்கு அனுப்பறே?"

"எதை அண்ணி?"

"நடிக்காத தம்பி. எண்ணெய் பாட்டில் படத்தை நானும் பாத்தாச்சு."

அவன் போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். உள்ளே லைட் ஸ்டாண்டுகளின் படங்கள், நூற்றுக்கணக்கில். எதுவும் எங்கும் போனதாகத் தெரியவில்லை.

"நீங்க சாப்பிடப் போகும்போது காலால லைட்டைத் தள்ளிட்டுப் போறீங்க. வந்து, யார்டா நகத்தினதுன்னு என்னைக் கேக்கறீங்க. திரும்ப அதே எடத்துல வைக்கத்தான் எடுத்துக்கறேன்." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "கெட்டில்ல நீங்க என்னைப் பாத்தா, நானும் உங்களைப் பாப்பேன்ல. இத்தனை நாளா முறைச்சீங்களே, ஏதோ வீட்டுச் சண்டைன்னு நெனச்சேன்."

அண்ணி விடுவதாக இல்லை. போனில் இல்லையென்றால் வாயால் சொல்லியிருப்பான். அவன் முகத்துக்கு நேரே நிரூபிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். "இங்க பாரு, அதே சாய்வு" என்று தன் தேன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.

பாட்டிலுக்குப் பின்னால் ஓரமாக ஒரு ஸ்பூன் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகு பளபளவென்று உருண்டிருந்தது. அதற்குள்ளே, மிளகு அளவில், தங்க அட்டை. அதன் சாய்ந்த வெட்டு. கீழே கறுப்பு. மேலே லைட் இருந்த இடம்கூட வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. தொழில் தெரிந்த எவனும் அந்த ஸ்பூனை உற்றுப் பார்த்தால் போதும், அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளலாம். படமோ ஊரெங்கும் போர்டில் தொங்கியது.

அவளுக்குக் காது சுட்டது.

"அந்த ஸ்பூனை அழிச்சிடவான்னு கேட்டேன்" என்றான் கொழுந்தன், மெதுவாக.

"கேட்டே."

"அதுலதான் உயிர் இருக்கு, தொடாதேன்னீங்க."

"சொன்னேன். சொல்லிக் காட்டாத." நாற்காலியில் உட்கார்ந்தாள். "மேனேஜரம்மாகிட்ட உன்னைத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அவன் மறைப்புத்துணியை மடித்து, மடித்ததைப் பிரித்து, திரும்ப மடித்தான். பிறகுதான் கேட்டான்: "என் பேரையா?"

"வீட்டு ஆளுன்னேன். இங்க வேற யாரு வீட்டு ஆள்?"

"அண்ணி, அப்ப எனக்கு நாளைக்கு எந்த ஸ்டூடியோவுல வேலை குடுப்பாங்க? அந்தம்மா பத்து பேர்கிட்ட சொல்லாமலா இருப்பாங்க?"

அண்ணி போனை எடுத்து, அவனுக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தாள். மேனேஜரம்மா எடுத்ததுமே, "அந்த ஆளை அனுப்பியாச்சா?" என்றாள்.

"இல்லம்மா. அவன் ஒண்ணும் பண்ணல. நான் எடுத்த படமே எல்லாத்தையும் காட்டிக் குடுத்திருக்கு. அந்த ஸ்பூனை அப்படியே விடச் சொன்னது நான்தான்."

"அப்ப உங்களைத்தான் மாத்தணும் போல" என்றாள் மேனேஜரம்மா. விளையாட்டா வினையா என்று குரலில் பிடிபடவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தன் அறை எதுவும் அதில் தெரியாதபடி கெட்டிலைச் சுற்றி வெள்ளைத்துணி கட்ட ஆரம்பித்திருந்தான்.

"அந்த முனையைப் பிடிங்க அண்ணி" என்றான். "காலை மட்டும் பாத்து வைங்க."